ஆட்டுப்பட்டியின் காவல் நாய்

தஞ்சை நாடு என்றவுடன் நம் நினைவிற்கு வருவது நெல்லே. கல்லணையிற் காவிரியும் வெண்ணாறும் வேறாய்ப் பிரிந்து, பின்னும் பல கிளைகளாய்ப் பரந்து கடலை நாடும் இவ்வயல்வெளியில் ஆட்டுக்கு இடம் ஏது என்று கேட்பாரும் உண்டு. ஆயினும் எந்த ஊரிலேனும் கடைசித் தெருவரையில் நடந்து சென்று பார்ப்போமாயின், வயல் ஒரு குழியும் இல்லாதவன் வீட்டுப் பின்புறத்திலே, கீற்றுக் கொட்டகையின்கீழ், மூன்று ஆடுகளேனும் நிற்கக் காண்போம். நிலமுடையானுக்கு நெல் எத்தகையதோ நிலமில்லானுக்கு ஆடு அத்தகையது. பெண்ணின் திருமணம், திடீரென்று வரும் மருத்துவச் செலவு, பிள்ளையின் படிப்பு ஆகிய இவற்றிற்கெல்லாம் கைகொடுப்பது அக்கொட்டகையே. ஒரு கிடாயை விற்றுத் தேர்வுக் கட்டணம் செலுத்திய மாணவர் இக்கல்லூரியில் ஒருவரும் இலர் என்று யாரே துணிந்து கூறுவர்?

இச்செல்வம் ஓர் இரவிலேயே அழியக் கூடியது. முற்காலத்தில் ஆடுடையார் அஞ்சியது நரியை. கோடியக்கரைப் பக்கத்துக் காடுகளில் நரி இன்றும் உண்டு. ஆனால் டெல்டாவின் உள்நாட்டு ஊர்களில் இன்று பட்டியை அழிப்பது பெரும்பாலும் நாயே. நான்கைந்து நாய்கள் கூடி இரவிற் கொட்டகைக்குட் புகுந்தால், பசிக்கு ஓர் ஆட்டைக் கொன்று தின்று போவதில்லை. ஓடுவதை எல்லாம் துரத்தி, துரத்தியதை எல்லாம் கடித்து, ஒன்றையும் முழுதும் தின்னாமல் விட்டுச் செல்லும். வயலிற் பயிர் நிற்கும் மாதங்களில் நம் ஊர் ஆடுகள் வரப்பிலும் வாய்க்காற் கரையிலும் முளையடித்துக் கட்டப்பட்டிருப்பதால் அவற்றிற்கு ஓடித் தப்பவும் வழியில்லை. திருப்பூர் மாவட்டத்துக் காங்கேயம், வெள்ளகோவில் பக்கங்களில் 2024ஆம் ஆண்டிலும் 2025ஆம் ஆண்டிலும் நாய் கடித்து இறந்த ஆடுகளைச் சுமந்து வந்து உழவர் தெருவிற் போராடியதைச் செய்தித்தாள் படித்தோர் அறிவர். தெருநாய் என்று ஒரு சொல்லால் நாம் பழி கூறிவிடுகிறோம். ஆனால் அவற்றுட் சில, பகலில் ஒரு வீட்டு வாசலிற் சோறு தின்று படுத்திருந்து, இரவில் அவிழ்த்து விடப்பட்டவை. இதனை ஒப்புக்கொள்ள நமக்கு மனம் வருவதில்லை.

இங்கே ஓர் ஐயம் எழுகின்றது. ஆட்டைக் கொல்வது நாய் எனின், ஆட்டைக் காப்பதற்கும் நாயையே வைத்தல் பொருந்துமோ? பொருந்தும். ஒரே ஈற்றிற் பிறந்த இரு குட்டிகளில் ஒன்று பட்டியைக் காக்கவும் மற்றொன்று பட்டியை அழிக்கவும் கூடும். இவ்வேற்றுமை எங்கிருந்து வருகின்றது என்பதை அறிந்தவனே காவல் நாய் வளர்க்கத் தக்கவன். பலரும் எண்ணுவதுபோல அது சாதியிலிருந்து வருவதன்று. கொடிய குணத்திலிருந்து வருவதுமன்று. கண் திறந்து சில வாரங்களுக்குள் அக்குட்டி எவற்றோடு கூடிப் படுத்தது என்பதிலிருந்தே பெரும்பாலும் வருகின்றது.

இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை. அறுவடை முடிந்தபின் இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளிலிருந்து செம்மறி மந்தைகளை ஓட்டிக்கொண்டு கீதாரிகள் நம் நாட்டிற்கு வருகின்றனர். பகலெல்லாம் தரிசில் மேய்ந்த ஆடுகளை இரவில் ஒருவருடைய வயலிற் கிடை போடுவர். ஆட்டுப் புழுக்கையும் நீரும் அவ்வயலுக்கு எருவாகும். அதற்கு ஈடாக நெல்லோ பணமோ பெறுவர். ஒரு கிடையில் நூற்றுக்கணக்கான ஆடுகள் இருக்கும். அவை ஒருவருக்கே உரியவையாயும் இரா. சில குடும்பங்களின் ஆடுகள் ஒன்றாய்க் கூடியிருக்கும். சுவரில்லை, கதவில்லை, விளக்குமில்லை. திறந்த வெளியிற் கிடக்கும் இவ்வளவு செல்வத்துக்குக் காவல், கட்டிலிற் படுத்திருக்கும் இரண்டொரு மனிதரும், கிடையின் ஓரத்திற் சுருண்டு கிடக்கும் நாய்களுமே.

அந்நாய்களைச் சிறிது நின்று பார்த்தல் வேண்டும். அவற்றிற்குப் பெயர்பெற்ற சாதி ஏதுமில்லை, பார்வைக்கு அழகுமில்லை. பகலில் ஆடுகளுக்கிடையே தலைதாழ்த்தி நடக்கும். ஆட்டை முறைத்துப் பாராது. குட்டி மேலேறி மிதித்தாலும் எழுந்து வேறிடம் போய்ப் படுக்கும். ஆனால் இருட்டிய பின்பு அயலான் ஒருவன் வரப்பின்மேல் நடந்து வருவானாயின் கிடையை அடையுமுன்னரே அவற்றின் குரலைக் கேட்பான். கிடையிலேயே பிறந்து, ஆட்டு மயிரின் மணத்திலேயே வளர்ந்த நாய்க்கு ஆடு இரையன்று, உறவு. கீதாரி இதனை நூலிற் படித்தறிந்தவன் அல்லன். அவன் குட்டியை வளர்ப்பதற்குக் கிடையைத் தவிர வேறிடம் இல்லை, அவ்வளவே.

தமிழ்நாட்டில் இக்காவல் மிகப் பழையது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மன் காலத்ததாகிய, கி.பி. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உளது. ஆநிரைப் பூசலில் வீழ்ந்த வீரனுக்கு எடுத்த கல் அது. அவ்வீரனுடைய உருவத்துக்கு அருகில் அவன் நாயின் உருவமும் செதுக்கப்பட்டுளது. அந்நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியையும் அதன் பெயரோடு கல்லிற் பொறித்துள்ளனர். வேதாகமத்திலும் யோபு தன் மந்தையைக் காத்த நாய்களைக் குறிப்பிடுகின்றான். ஆனால் தன்னை இகழ்வோரின் தந்தையர் அந்நாய்களோடு வைக்கவும் தகாதவர் என்று இழிவு தோன்றக் கூறுவதற்காகவே அவற்றை எடுக்கின்றான். நாய்க்குக் கல் நாட்டிய நம் முன்னோர் அவ்வகையில் யோபுவினும் நன்றியறிந்தவர் எனலாம்.

இனி வளர்ப்பு முறையைப் பார்ப்போம். சார்லஸ் டார்வின் என்னும் பேரறிஞர், பீகிள் என்ற கப்பலிற் சென்ற பயணத்தில், 1833ஆம் ஆண்டு, இன்று உருகுவே எனப்படும் தென்னமெரிக்க நாட்டில் ஆட்டு மந்தைகளை மனிதர் ஒருவருமின்றி நாய்களே காத்து நிற்பதைக் கண்டு வியந்தார். அந்நாட்டார் மிக இளங்குட்டியைத் தாயினின்று பிரித்து, நாள்தோறும் மூன்று நான்கு முறை ஒரு பெண்ணாட்டின் மடியிற் பால் குடிக்கச் செய்வர். பட்டிக்குள்ளேயே ஆட்டு மயிரால் அதற்குப் படுக்கை செய்வர். வேறு நாய்களோடும் வீட்டுப் பிள்ளைகளோடும் பழக விடார். அவ்வாறு வளர்ந்த நாய் ஒவ்வொரு நாளும் இறைச்சிக்காக வீட்டிற்கு வரும். பெற்றவுடன் வெட்கப்பட்டதுபோல ஓடிவிடும். வீட்டு நாய்கள் அதனைத் துரத்தும். ஆனால் மந்தையை அடைந்த அக்கணமே அது திரும்பி நின்று குரைக்கும். துரத்தி வந்தவை எல்லாம் வாலை மடக்கிக்கொண்டு ஓடும். டார்வின் எழுதியவற்றுள் இச்சிறு செய்தியை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. நாய்க்கு வீரம் உடம்பில் இருப்பதன்று. தன் கூட்டம் எது என்ற நினைவில் இருப்பது போலும்.

பிற்காலத்தார் இதனை முறையாக ஆராய்ந்தனர். அமெரிக்காவின் மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்து ஹாம்ப்ஷயர் கல்லூரியில் ரேமண்ட் காப்பிங்கர் என்பவரும் அவர் மனைவியார் லோர்னாவும் 1970களின் பிற்பகுதியில் தொடங்கி, நூற்றுக்கணக்கான காவல் நாய்களைப் பண்ணைகளுக்கு அளித்து, அவை நடந்துகொள்ளும் முறையை ஆண்டுக்கணக்காய்க் குறித்துவந்தனர். அவர்கள் காவல் நாயிடத்து எதிர்பார்த்த குணங்கள் மூன்று: மந்தைக்குத் தீங்கு செய்யாமை, மந்தையை விட்டகலாமை, அயலாரைத் தடுத்தல். கடைசிக் குணத்தையே நாம் முதலில் தேடுகிறோம். தவறு அங்கேதான் தொடங்குகின்றது. முதலிரண்டும் அமைந்த நாயிடத்தில் மூன்றாவது பெரும்பாலும் தானே வந்துவிடும். முதலாவது இல்லாத நாயிடம் மூன்றாவது எவ்வளவு இருப்பினும் பயனில்லை. மேலும், காவல் நாய் பகைவிலங்கைக் கொன்றுதான் காக்க வேண்டுமென்பதில்லை. கொல்ல வருகிற விலங்கு பதுங்கி, நோக்கி, துரத்திப் பிடிக்க வேண்டும்; நடுவே ஒன்று குரைத்துக்கொண்டு குறுக்கே வந்து நின்றால் அவ்வொழுங்கு குலைந்துபோகும். பெரும்பாலான இரவுகளில் அதுவே போதும்.

நாய்க்குட்டியின் மனம் பிற உயிர்களை உறவாக ஏற்கும் பருவம் ஏறத்தாழ மூன்றாம் வாரத்தில் தொடங்கிப் பன்னிரண்டு முதல் பதினாறாம் வாரத்துக்குள் முடிந்துவிடுகின்றது. ஆதலின் ஆறு மாதம் வீட்டுத் திண்ணையில் வளர்ந்த நாயைக் கொண்டுபோய்ப் பட்டியிற் கட்டிவிட்டு, 'இனி நீ காவல்' என்று சொல்வதனால் ஒன்றும் விளையாது. ஏழு எட்டு வாரத்துக் குட்டியையே கொண்டுவர வேண்டும். கொட்டகையின் ஒரு மூலையில் மூங்கிற் படலால் சிறு தடுப்பு அமைத்து, அதற்குள் குட்டியை விட்டு, படலின் அடியில் குட்டி மட்டும் நுழையத்தக்க ஒரு துளை வைத்தல் நன்று. வெள்ளாடு செம்மறியைப் போலச் சாதுவன்று. புதிதாய் ஈன்ற தாய் நாயைக் கண்டால் முட்டும். முட்டுண்டு அஞ்சிய குட்டி ஆட்டை வெறுக்கும். துளை வழியே தப்பி, பின் தானே மீண்டும் வந்த குட்டி ஆட்டை மதிக்கும். முதலில் வயது முதிர்ந்த, சாந்தமான இரண்டொரு ஆடுகளையே உடன் விடுக.

குட்டியோடு மனிதர் பழகவே கூடாது என்று டார்வின் கண்ட முறையை அப்படியே பின்பற்றுதல் நம் நாட்டுக்கு ஏலாது. அங்கே மந்தைக்கும் வீட்டிற்கும் இடையே பல மைல். இங்கே கொட்டகைக்கும் அடுப்பங்கரைக்கும் இடையே பத்தடி. வழியிற் பள்ளிப் பிள்ளைகள் நடக்கின்றனர்; நாற்று நடும் பெண்கள் வருகின்றனர். மனிதரையே அறியாத நாய் இவ்வூர்களில் ஒருநாள் ஒரு குழந்தையைக் கடித்து, ஊராரால் அடிபட்டுச் சாகும். கையால் தொட்டுத் தூக்கவும், ஊசி போடவும், கழுத்திற் கயிறு கட்டவும் இணங்குமாறு அதனைப் பழக்குக. ஆனால் கொஞ்சுவதும் சோறிடுவதும் பட்டிக்குள்ளேயே நடக்கட்டும். வீட்டு வாசலிற் சோறு கண்ட நாய் வாசலுக்கே காவலாகும்.

சோற்றைப் பற்றி ஒரு சொல். நாய்க்கு வைத்த சோற்றையும் கஞ்சியையும் ஆடு விரும்பித் தின்னும். மிகுதியாய்த் தின்ற ஆடு வயிறு புளித்து உப்பி, ஒரே நாளில் இறக்கவும் கூடும். காவலுக்கு வைத்த நாயின் சட்டியே ஆட்டுக்கு எமனாதல் இவ்வாறு. ஆதலின் ஆடு எட்டாத தடுப்பினுள் வைத்து, தின்று முடிந்தவுடன் சட்டியை எடுத்துவிட வேண்டும். வெறுங்கஞ்சி வளரும் நாய்க்குப் போதாது. கருவாடோ முட்டையோ சிறிது சேர வேண்டும்.

எந்தச் சாதி நாய் நல்லது என்று கேட்பார் பலர். இராஜபாளையத்தையும் கோம்பையையும் சிப்பிப்பாறையையும் நாம் பெருமையோடு கூறுகிறோம், பெருமை தக்கதே. ஆனால் சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடுவதைக் கண்டால் துரத்திப் பிடிக்கும் வேட்டை நாய்கள். கோம்பையும் காட்டுப்பன்றி வேட்டைக்குப் பெயர்பெற்றது. துள்ளி ஓடும் ஆட்டுக்குட்டிகளுக்கு நடுவே அக்குணத்தை விலைகொடுத்து வாங்கி விடுதல் விவேகமாகாது. இமயமலைச் சாரலில் இடையரோடு செல்லும் பெருநாய்களும், துருக்கி நாட்டுக் கங்கால் நாயும், இத்தாலிய மரெம்மா நாயும் மெய்யாகவே காவற் சாதிகள்தாம். நமீபியாவிற் சிறுத்தையினின்று ஆட்டைக் காக்க 1994 முதல் கங்கால் நாய்களை உழவர்க்கு அளித்து வருகின்றனர். ஆனால் அடர்ந்த மயிருடைய மலைநாட்டு நாயைச் சித்திரை வெயிலில் மன்னார்குடியிற் கட்டி வைப்பது அவ்வுயிர்க்கு நாம் செய்யும் கொடுமையே. நடுத்தர உடலும் குறுமயிரும் உடைய நாட்டு நாய், கூடுமாயின் கிடையிற் பிறந்த தாயின் குட்டி, நமக்குப் போதும். காசு கொடுத்து வாங்குவதைவிடக் கீதாரியிடம் கேட்டுப் பெறுவதே மேல்.

இவ்வளவு செய்தும் பலர் தோற்பது நாயின் இளம்பருவத்தில். நான்கு மாதத்திலிருந்து ஒரு வயது வரையில் குட்டிக்கு விளையாட்டு மிகும். ஆட்டுக்குட்டியின் காதைக் கடித்திழுக்கும், துரத்தும், குட்டி ஓட ஓட அதற்கு மகிழ்ச்சி பெருகும். கொல்ல வேண்டும் என்ற எண்ணம் அதற்கில்லை. எனினும் குட்டி இறந்துபோகும். அன்றே உடையவன் நாயை அடித்து விரட்டுகிறான். விரட்டப்பட்ட நாய் ஊர் நாய்களோடு சேர்கிறது. ஆட்டை நன்கறிந்த பகைவன் ஒன்று அவற்றிற்குக் கிடைத்துவிடுகின்றது. இப்பருவத்தில் நாயைச் சிறு குட்டிகளோடு தனித்து விடாமல் பெரிய ஆடுகளோடு விடுதலும், துடுக்கு மாட்டிற்குக் கட்டும் தொண்டுக்கட்டையைப் போல ஒரு சிறு கட்டையைக் கழுத்திலே தொங்கவிட்டு ஓட்டத்தைத் தடுத்தலும் தக்க வழிகள். ஒன்றரை அல்லது இரண்டு வயது நிரம்புமுன் முழுக் காவலை அதனிடம் ஒப்புவிக்கலாகாது. ஆணாயினும் பெண்ணாயினும் கருத்தடை செய்துவிட்டால் ஊர்சுற்றல் குறையும். வேண்டாத குட்டிகள் தெருவிற் பெருகுவதும் நிற்கும்.

நோயைப் பற்றிக் கூறாது விடின் இக்கட்டுரை தீங்கிழைத்ததாகும். மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு, ஒரு மாதம் கழித்து மறுமுறையும், பின்பு ஆண்டுதோறும் போட வேண்டும். பட்டியைக் காக்கும் நாய்தான் வெறிகொண்ட நாயை முதலில் எதிர்ப்பது. அதற்கே தடுப்பு இல்லையெனின் ஆட்டுக்கும் வீட்டாருக்கும் நஞ்சைக் கொண்டுவந்து சேர்க்கும். கடிபட்டவர் காலந்தாழ்த்தாது கால்மணி நேரம் சோப்பிட்டு நீரோட்டத்திற் புண்ணைக் கழுவி, அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும். மற்றொன்று நாடாப்புழு. இது பலர் அறியாதது. ஆட்டின் தலை ஒரு பக்கம் சாய்ந்து, அது வட்டமாகவே சுற்றிச் சுற்றி நடந்து, முடிவில் விழுந்து இறப்பதைக் கண்டிருப்பீர்கள். நாயின் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழுவின் முட்டை புல்லோடு ஆட்டின் வயிற்றிற் சென்று, மூளையில் நீர்ப்பை ஆவதால் வருவது அது. நாய்க்கு அப்புழு எங்கிருந்து வந்தது? அறுத்த ஆட்டின் தலையை நாமே வேகவைக்காமல் அதற்கு எறிந்தோம். ஈரலிலும் நுரையீரலிலும் உள்ள நீர்க்கட்டிகளைத் தின்பதால் வரும் வேறொரு புழு மனிதருக்கும் பகை. ஆகவே பச்சைக் கழிவுகளை நாய்க்கு ஒருபோதும் இடலாகாது. நஞ்சுக்கொடியையும் ஆழப் புதைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கொரு முறை மருத்துவரைக் கேட்டுப் புழு மருந்து கொடுக்க வேண்டும். இதற்கெல்லாம் ஊர்க் கால்நடை மருந்தகம் உண்டு. 2012 முதல் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருப்பது நம் மாவட்டத்தார்க்கு ஒரு நற்பேறு.

தெருநாய்க்கு நஞ்சு வைப்போரும் சிலர் உளர். அது சட்டத்துக்கு மாறு. மேலும் அந்நஞ்சை முதலில் தின்பது இரவெல்லாம் விழித்திருந்து பசித்த பட்டி நாயாகவே இருக்கும்.

மூன்று ஆடு உடையவன் இவ்வளவும் செய்ய வேண்டுமா? வேண்டாம் என்பதே என் துணிபு. நல்ல நாய்க்கு ஆகும் உணவும் மருந்தும் அவ்வாடுகளின் வரவில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். அவனுக்கு மூங்கிற் பரண் அமைத்த உயர்ந்த கொட்டகையும், நாய் தோண்டி நுழையாதபடி அடியிற் கல்பதித்த வேலியும், உள்ளிருந்து தாழிடும் கதவுமே நாயினும் சிறந்த காவல். இருபது ஆட்டுக்கு மேற்பட்டால் நாய் பயன்படும், கூட்டமாய் வரும் ஊர்நாய்களுக்கு எதிரே ஒரு நாய் போதாது, இரண்டு வேண்டும். ஆனால் கிடையிலிருந்து நாம் மற்றொன்றும் கற்கலாம். பல குடும்பத்து ஆடுகள் ஒரே கிடையிற் கிடப்பதுபோல, ஒரு தெருவில் ஆறு வீட்டாரும் தத்தம் ஆடுகளை இரவில் ஒரே பட்டியில் அடைப்பராயின், இரண்டு நாய்களின் செலவு ஒருவருக்கும் சுமையாகாது. நாய் யாருடையது என்ற சண்டை வரும் என்பர். கிடையில் அச்சண்டை வருவதில்லை. அங்கே நாய் கிடைக்கு உரியது.

குட்டி கொண்டுவரும் காலத்தையும் கருத வேண்டும். உளுந்தும் பயறும் எடுத்தபின், பங்குனி முதல் வைகாசி வரையில் வயல்கள் திறந்து கிடக்கும். ஆடுகள் கட்டின்றி மேயும். கீதாரிகளும் நம் ஊர்களில் இருப்பர். அப்பொழுது கொண்டுவந்த இரண்டு மாதக் குட்டி ஆடுகளோடு நடந்து பழகும். மேட்டூர் அணையில் ஜூன் 12ஆம் நாள் நீர் திறப்பது வழக்கம். அந்நீர் வாய்க்காலை அடைந்து நாற்றங்கால் எழுந்தபின் ஆடுகள் முளைக்கயிற்றுக்குத் திரும்பும். நாயையும் அவற்றின் அருகில் நிழலிற் கட்டலாம். ஐப்பசி மழையில் ஆடும் நாயும் இரவுபகலாய் ஒரே கொட்டகையில் அடைபடும் நாட்களே கடுமையானவை. அப்பொழுது குட்டிக்கு ஒன்பது மாதம்; விளையாட்டு முற்றிய பருவம்; பல ஆடுகள் ஈனும் காலமும் அதுவாக இருக்கலாம். அவ்வொரு மழைக்காலம் மட்டும், ஈன்ற ஆட்டுக்கும் நாய்க்கும் நடுவே ஒரு படல் நிற்கட்டும்.